பெரிய மிஸ்ஸின் அம்மா

வீட்டுக்கு முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் போனவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். நமக்கெல்லாம் ஏழெட்டு வயதிலேயே ஒரு உத்தியோகம் கிடைத்துவிட்டது. மாத்திரை அட்டையைத் திருப்பிக் காட்டி, "இது சாப்பிடறதுக்கு முன்னாடியா பின்னாடியா பாருடா" என்பார்கள். கரண்ட் ஆபீஸிலிருந்து வந்த காகிதத்தை நீட்டி, "இன்னா போட்டிருக்கான், படி" என்பார்கள். தெரிந்ததைப் படித்தோம். தெரியாததையும் படித்தோம். "தெரியல" என்று சொன்னால் அப்பாவின் முகம் எப்படி விழும் என்று நமக்குத்தான் தெரியும். நான் அப்படித் தெரியாமல் அர்த்தம் சொன்ன ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். இத்தனை வருடம் ஆகியும் அதை நான் திருத்தவில்லை.

அப்போது நான் நாலாவது படித்தேன். எங்கள் வீடு கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக்குச் சற்று முன்னால். அப்பா கொத்தனார். அம்மா வாசலில் ஓலைக் கொட்டகை போட்டு இட்லிக் கடை நடத்தினாள். ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் மாசக்கணக்கில் தங்க இடம் தேடி அலைவதைப் பார்த்த அப்பா, ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கையாலேயே செங்கல் வைத்து, மாடியில் ஒரு அறை கட்டி மேலே சிமெண்ட் ஷீட் போட்டார். பூச்சு முடிந்து சுண்ணாம்பு வாசனை போவதற்குள் ஆள் வந்துவிட்டது.

ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே ஆட்டோக்கார மாமா ஒரு வெள்ளைக்கார அம்மாவைக் கொண்டுவந்து இறக்கினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நரைத்த முடியைக் காதளவுக்கு வெட்டியிருந்தார். முதுகில் ஒரு பை, கையில் ஒரு பை. எந்த ஊர் என்று கேட்டதற்குப் போலந்து என்றார். எங்கள் தெருவில் அது சாயங்காலத்துக்குள் பாலாந்து ஆகி, ஹாலந்து ஆகி, கடைசியில் "ஏதோ குளிர் ஊராம்" என்பதில் வந்து நின்றது.

"எத்தினி மாசம்னு கேளுடா" என்றார் அப்பா.

"ஹவ் மெனி மந்த்?" என்றேன்.

அந்த அம்மா ஆறு விரல்களைக் காட்டினார்.

"சிக்ஸ் மந்த்தாம்பா."

அப்பா ஆட்டோக்கார மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியா? வேன் வெச்சு இங்கிலீஷ் ஸ்கூலுக்கு அனுப்பறது சும்மாவா?"

ஆறு விரலை ஆட்டோக்கார மாமாவும்தான் பார்த்தார். ஆனாலும் அன்றிலிருந்து மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவில் நான்தான் என்று ஆகிவிட்டது.

இங்கிலீஷ் அவருக்கும் சொந்த மொழி இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. வெள்ளைக்காரர் என்றால் இங்கிலீஷ்தானே என்று நினைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு சொல்லாக யோசித்து, பையிலிருந்து எடுத்து வைப்பதுபோல வைப்பார். என்னிடமும் கிட்டத்தட்ட அதே அளவு சொற்கள்தான் இருந்தன. அதனால் ஒத்துப்போனது.

முதல் பத்து நாள் அவருக்கு எங்கள் ஊர் பிடிபடவே இல்லை. தெருக்குழாயில் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்து ஏழுக்குள் நின்றுவிடும். அவர் எட்டு மணிக்கு பக்கெட்டோடு இறங்கி வந்து குழாயைத் திருகித் திருகிப் பார்ப்பார். கொடியில் போட்ட துணியைக் குரங்கு இழுத்துக்கொண்டு போகும். ஒருநாள் அவருடைய பேஸ்ட்டை ஒரு குரங்கு பிதுக்கித் தின்றுவிட்டு, காலி டியூபை எங்கள் கொட்டகை மேல் வீசியது. மத்தியானமும் பிஸ்கட், ராத்திரியும் பிஸ்கட். கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார். "யாரோ தொரத்தி உட்டுட்டாங்க போல" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பினேன்.

"இப்டியே போனா ஆறு மாசம் இன்னா, ஆறு நாள் தாங்காது இந்தம்மா" என்றாள் அம்மா. மறுநாள் விடிந்ததும் மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டி, கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தாள். அதற்கு என்னைக் கூப்பிடவில்லை.

"தண்ணி. ஆறு மணி. ஆறு!" என்று விரலைக் காட்டினாள். "இது வரிசை. இது உன் பக்கெட்டு. எவளாச்சும் இதத் தள்ளிட்டு முன்னாடி வெச்சான்னா, நீ கத்தணும். இப்டி."

அம்மா கத்திக் காட்டினாள். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, அவரும் ஒரு கத்து கத்தினார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஒரு குடம் நிரம்பி வழிந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக நடந்தது. குரங்கு வந்தால் கொம்பை ஓங்கினால் போதும், அடிக்க வேண்டாம் என்று அம்மா சொல்லிக் கொடுத்தாள். துணி துவைக்கும் கல்லில் சோப்பு எவ்வளவு போட வேண்டும், கொடியில் போட்டு எப்படி முடிச்சுப் போட வேண்டும் என்று காட்டினாள். அம்மியில் உட்கார வைத்துச் சட்னி அரைக்க விட்டாள். அவர் அரைத்த சட்னியில் தேங்காய் முழுசு முழுசாகக் கிடந்தது. அம்மா அதையும் கடைக்கு வந்தவர்களுக்குப் பரிமாறினாள். "ஃபாரின் சட்னி, துன்னு" என்றாள்.

அவர் என் அம்மாவைவிட இருபது வயதாவது மூத்தவர். ஆனால் நானும் கடைக்கு வருகிறவர்களும் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அவரும் அம்மாவை "அம்மா" என்றுதான் கூப்பிட்டார். அம்மாவுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

கார்த்திகை பிறப்பதற்குள் மாடிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. கட்டம் போட்டு, நேரம் எழுதி, பக்கத்தில் அவர்கள் மொழியில் ஏதேதோ எழுதியிருந்தார். எனக்குப் புரிந்தது நேரம் மட்டும்தான். மீதியை அவரைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஆறு, தண்ணீர். ஆறரை, படிக்கட்டு பெருக்குவது. ஏழு, இட்லி. அப்புறம் மலைப்பக்கம் ஒரு நடை. பதினொன்று, துணி. மத்தியானம் தூக்கம். நாலு மணிக்கு ஆசிரமம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் கட்டத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு வட்டம். அது பெரிய ரோட்டில் இருந்த ப்ரவுசிங் சென்டர். அங்கிருந்துதான் அவர் ஊருக்குப் பேசுவார்.

கொஞ்ச நாளில் எங்கள் வீட்டில் யாரும் மணி பார்ப்பதில்லை. "மாடியம்மா எறங்கிட்டாங்க, ஏழாயிடுச்சு, வேன் வந்துடும், ஓடு" என்பாள் அம்மா. அந்த அம்மா கீழே இறங்கி வரும்போது ஒரு சோப்பு வாசனை அவருக்கு முன்னால் வரும். ஏதோ ஊதாப் பூவின் வாசனை. அதே வாசனையை அப்புறம் நான் எந்தக் கடையிலும் முகர்ந்ததில்லை. இரண்டு இட்லி சாப்பிடுவார். கையால்தான் சாப்பிடுவார். சாம்பார் முழங்கை வரைக்கும் வழியும்.

அவரிடம் மடித்து வைக்கிற சின்ன அலாரக் கடிகாரம் ஒன்று இருந்தது. நாங்கள் காபி குடிக்கிற ஏழு மணிக்கு அது இரண்டரை காட்டும். கூரை ஒழுகுகிறது என்று பார்க்கப் போன அப்பா, பாவம், கடிகாரம் ஓட்டை என்று நினைத்து நேரத்தைச் சரியாக வைத்துவிட்டு வந்தார். மறுநாள் அது பழையபடி தப்பாக இருந்தது. அப்பா மறுபடியும் சரி செய்தார். மூன்றாம் நாள், "நல்ல பேட்டரி வாங்கியாந்து போடணும்" என்று கிளம்பியவரைத் தடுத்து, "அது அவங்க ஊரு நேரம்பா" என்று நான்தான் சொன்னேன். சமூக அறிவியல் புத்தகத்தில் படித்திருந்தேன். அப்பா வெகுநேரம் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க ஒக்காந்துக்கினு அங்க மணி இன்னானு பாத்துக்கினு இருக்காங்களா?" என்றார்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

ஒரு காலையில் அவர் இட்லி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, பர்ஸிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து அம்மாவிடம் காட்டினார். பனியில் நின்றுகொண்டு சிரிக்கிற ஒரு இளம்பெண். அவருடைய அதே மூக்கு.

"மை டாட்டர்" என்றார். நெஞ்சில் கையை வைத்தார். "மிஸ். வெரி மிஸ்."

"இன்னாடா சொல்றாங்க?" என்றாள் அம்மா.

எங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சரை யாரும் டீச்சர் என்று கூப்பிட மாட்டோம். கணக்கு மிஸ், தமிழ் மிஸ், இங்கிலீஷ் மிஸ். அந்தச் சொல்லுக்கு உலகத்தில் வேறு பொருள் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"அவங்க பொண்ணாம்மா. மிஸ்ஸாம்."

"மிஸ்ஸா? உங்க ஸ்கூல்ல இருக்காங்களே, அந்த மாதிரியா?"

"அதவிடப் பெரிய மிஸ்ஸு. வெரி மிஸ்னாங்க. ஹெட் மிஸ்ஸா இருக்கும்."

அம்மா போட்டோவைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. "அதான் பாரு, மூஞ்சியிலயே தெரியுது படிப்பு" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் இரண்டாவது இட்லி வைக்கும்போது அம்மா கேட்பாள்: "பொண்ணு? மிஸ்?"

அவர் நெஞ்சில் கை வைத்து, "மிஸ். எவ்ரி டே மிஸ்" என்பார்.

"தினமும் ஸ்கூல் இருக்குதாம்மா" என்பேன் நான்.

"சனி ஞாயிறு கூடவா? பாவம், வேல ஜாஸ்தி போல."

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். தெரியாத ஊரில், அம்மியில் அரைக்கிற ஒரு பெண் தினமும் காலையில் மறக்காமல், "மகளை நினைத்துக்கொண்டாயா?" என்று தன்னிடம் கேட்கிறாள் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். சில நாள் கண் கலங்கும். அம்மா அதைப் பெருமையில் வருகிற கண்ணீர் என்று நினைத்து, கொசுறாக ஒரு வடை வைப்பாள். தெருவில் அவருக்குப் பெரிய மிஸ்ஸோட அம்மா என்று பெயர் வந்தது. குழாயடியில், "பெரிய மிஸ்ஸோட அம்மா வர்றாங்க, உடு உடு" என்று முன்னால் விட்டார்கள். கத்திப் பழகியது வீணாகப் போயிற்று.

தீபம் நெருங்கியது. கொடியேற்றம் முடிந்து பாதை முழுக்க வெளியூர்க் கூட்டம். "உங்க பொண்ண தீபத்துக்கு வரச் சொல்லும்மா. லீவு போட்டுட்டு வரட்டும்" என்றாள் அம்மா. நான், "டாட்டர் கம். தீபம் கம்" என்றேன். அவர் மெதுவாகத் தலையாட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எப்போதும்போல ப்ரவுசிங் சென்டருக்குப் போனார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு அவர் இறங்கி வரவில்லை. எனக்கு வேன் தவறிவிட்டது. செவ்வாய்க்கிழமை தண்ணீர் பிடிக்கவும் வரவில்லை. படிக்கட்டில் சருகு அப்படியே கிடந்தது. அம்மா தட்டில் இட்லியை வைத்து மூடிக்கொண்டு, என்னையும் இட்டுக்கொண்டு மாடி ஏறினாள்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முந்தின நாள் வைத்த தண்ணீர்ச் செம்பு தொடாமல் இருந்தது. பை திறந்து கிடந்தது. பாதித் துணி உள்ளே, பாதி வெளியே.

"டாட்டர் நோ டாக்" என்றார், திரும்பாமலே. "த்ரீ இயர் நோ டாக். ஐ கால். ஷி ஹியர் மீ, ஷி கட். நவ் ஷி ரைட். நோ மோர் கால். ஃபினிஷ்."

அன்று அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல்லாக இருந்தது.

"மூணு வருஷமா அவங்க பொண்ணு பேசலயாம்மா. போன் பண்ணா, இவங்க கொரலக் கேட்டதும் கட் பண்ணிடுவாங்களாம். இனிமே பண்ணவே கூடாதுன்னு எழுதிட்டாங்களாம்."

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். அவளுக்கு வந்த கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"மிஸ்ஸா இருந்துக்கினு பெத்தவகிட்ட பேச மாட்டாளா? புள்ளைங்களுக்கு இன்னாத்த சொல்லிக் குடுக்கறா அவ?" அந்த அம்மாவின் தோளைத் தொட்டுத் திருப்பினாள். "எழுந்துரு. மூஞ்சியக் கழுவு. நான் பேசறேன் அவகிட்ட."

அன்று சாயங்காலம் அம்மா என் ஸ்கூல் மீட்டிங்குக்குக் கட்டுகிற பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டாள். மிஸ்ஸிடம் பேசப் போகிறாள் அல்லவா. அந்த அம்மா வரவே மாட்டேன் என்றார். அம்மா மணிக்கட்டை விடவில்லை. மூன்று பேரும் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே பெரிய ரோட்டுக்குப் போனோம்.

ப்ரவுசிங் சென்டரில் ப்ளைவுட் அடித்த சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் மூன்று பேரும் நெருக்கி நின்றோம். வியர்வையும் சாம்பிராணியும் கலந்த வாசனை. அவர் நம்பரைத் தட்டினார். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். எடுத்தவர் பேசவில்லை. இவரும் பேசவில்லை. பேசினால் கட்டாகிவிடும் என்ற பயத்தில் அவர் ஹெட்போனைக் கழற்றி அம்மாவின் தலையில் மாட்டிவிட்டார்.

அம்மா நிமிர்ந்து நின்றுகொண்டாள். தூரத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்க வேண்டுமே என்று முழுக் குரலில் ஆரம்பித்தாள்.

"வணக்கம், மிஸ்ஸுங்களா? நான் திருவண்ணாமலையிலேர்ந்து பேசறேங்க! உங்கம்மா எங்க மாடியிலதான் இருக்காங்க! ரெண்டு நாளா ஒரு வாய் சாப்பிடல! தண்ணி புடிக்கக்கூட எறங்கி வரல! நீங்க நாலு புள்ளைங்களுக்குப் படிப்பு சொல்லித் தர்றவங்க..."

ஹெட்போனிலிருந்து ஒரு குரல் எங்களுக்கே கேட்டது. "மாமா? மாமா?"

"மாமா வரலைங்க!" என்றாள், அப்பாவை மாமா என்றே கூப்பிட்டுப் பழகிய அம்மா. "அவரு கொத்து வேலைக்குப் போயிருக்காரு! நாந்தான் வந்தேன்!"

பக்கத்து அறையில் யாரோ சிரித்தார்கள். ஆனால் அந்தக் குரல் நிற்கவில்லை. "மாமா! மாமா!" என்று கத்திக் கத்தி உடைந்தது. அழுகை எந்த ஊரிலும் அழுகைதான். அம்மாவின் முகம் மாறிவிட்டது. அவசரமாக ஹெட்போனைக் கழற்றி அந்த அம்மாவின் காதில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் மொழியில் அம்மாவுக்கு மாமா என்று சொல்வார்கள் என்று வளர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். யோசித்துப் பாருங்கள். தாயின் குரல் கேட்டதும் வைத்துவிடலாம் என்று எடுத்த போனில், தெரியாத ஒரு பெண், புரியாத பாஷையில், உயிர் போகிற அவசரத்தில் கத்துகிறாள். தாய்க்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அந்த மகள் பதறியிருப்பாள். மூன்று வருடக் கோபம் என்னவாக இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது அந்தப் பதற்றத்தில் போயிருக்கிறது. என் அம்மாவின் ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரிந்திருக்காது.

அந்த அம்மா பேசினார். அழுதார். மறுபடி பேசினார். கேபினுக்குள் அந்த மொழி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாடா சொல்றாங்க?" என்றாள் அம்மா என்னைப் பார்த்து.

ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லிப் பழகியவன்தான். அன்று வாய் வரவில்லை.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். என் வாழ்க்கையில் அம்மாவிடம் முதல் தடவையாக.

"தெரியலன்னா உடு. வா, வெளிய நிப்போம்" என்று என்னைத் தள்ளிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள். முகம் விழவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் கண் வீங்கி வெளியே வந்தார். "மிஸ்?" என்றாள் அம்மா. அவர் அழுதுகொண்டே சிரித்தார். "மிஸ். ஷி ஆல்சோ மிஸ்."

"அவங்களும் மிஸ்ஸாம்" என்றேன்.

"அதான் தெரியுமே" என்றாள் அம்மா.

மறுநாள் ஆறு மணிக்கு பக்கெட் வரிசைக்கு வந்தது. ஏழு மணிக்கு இட்லி. ஆனால் காகிதத்தில் ஞாயிறு மட்டும் இருந்த சிவப்பு வட்டம் எல்லா நாளுக்கும் வந்துவிட்டது. ஆறு மாசம் என்று வந்தவர் பொங்கல் முடிந்ததும் கிளம்பிவிட்டார். மகள் வரச் சொல்லிவிட்டாள். அம்மா அதை நல்ல சேதி என்று எல்லாரிடமும் சொன்னாள். சொல்லிக்கொண்டே இட்லிப் பொடியை இரண்டு கவரில் போட்டு இறுக்கிக் கட்டினாள். வெந்நீர் ஊற்றி வயிற்றில் வைத்துக்கொள்கிற ரப்பர் பை ஒன்றை அவர் எங்களிடம் விட்டுப்போனார். அதை நான் காற்றடித்துப் பந்தாக்கி உதைத்து ஒரே வாரத்தில் ஓட்டையாக்கினேன்.

கார் வந்து நின்றது. அவர் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா. ஐ மிஸ் யூ. வெரி மிஸ்."

"இன்னாடா?"

"உன்னத்தாம்மா மிஸ்ஸுன்றாங்க. பெரிய மிஸ்ஸாம்."

"என்னையா?" அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கைநாட்டு வெக்கறவளப் போய் மிஸ்ஸுன்றாங்க பாரேன்!"

"ஏன், நீதான தண்ணி புடிக்கறதுலேர்ந்து சட்னி வரைக்கும் எல்லாத்தையும் சொல்லிக் குடுத்த?" என்றார் அப்பா. "சொல்லிக் குடுத்தவங்கள மிஸ்ஸுன்னு சொல்லாம வேற இன்னான்னு சொல்வாங்க?"

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. கார் திரும்பிப் பெரிய ரோட்டில் மறைகிற வரைக்கும் புடவையை இழுத்து விட்டுக்கொண்டு நேராக நின்றிருந்தாள்.

ஏழாம் வகுப்பில் கடிதம் எழுதுகிற பாடம் வந்தது. இங்கிலீஷ் மிஸ் போர்டில் "ஐ மிஸ் யூ" என்ற அந்த வரியை எழுதி, "நீங்க பக்கத்துல இல்லாம எனக்குக் கஷ்டமா இருக்குன்னு அர்த்தம்" என்றார். என் காது சுட்டது. அந்தக் காலைகளெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. "எவ்ரி டே மிஸ்." வேனில் வரும்போதே தீர்மானித்துவிட்டேன், இறங்கியதும் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

கொட்டகையில் கிரிவலம் வந்த வெளியூர்க்காரர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா கரண்டியோடு நின்று அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வெளிநாட்டு அம்மாங்க. அவங்க பொண்ணு அங்க பெரிய மிஸ்ஸு. அவங்களே போறப்ப என் கையப் புடிச்சுக்கினு இன்னா சொன்னாங்க தெரியுமா? நம்ப மாட்டீங்க. இதோ, எம் புள்ளையே வந்துட்டான், அவனக் கேளுங்க." என் பக்கம் திரும்பினாள். "டேய், அன்னிக்கு என்னைய அவங்க இன்னான்னாங்க? சாருக்குச் சொல்லு."

புத்தகப் பையை இறக்கி வைத்தேன். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

"மிஸ்ஸுன்னாங்கம்மா" என்றேன்.

வெளியூர்க்காரர் தட்டை நீட்டினார்.

"அப்ப இன்னும் ரெண்டு வைங்க, மிஸ்."